தண்டர்ஜிக்கு எட்டு வண்டி

அஜித்குமாருக்கு ஹிந்தி தெரியும் என்று கொடைக்கானல் போகிற வழியில் பெருமாள்மலை ஜங்ஷனில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் அஜித்குமார். கேட்டவர்களில் ஒருவருக்கும் ஹிந்தி தெரியாததால் பேச்சு நிலைத்துவிட்டது.

எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் எட்டு வண்டிகள். தலைவர் வேலப்பன். செயலாளர் ஜெயமுருகன் என்கிற நான். தலைவருடைய வேலை மாலை வாங்கிக்கொள்வது. மிச்சமுள்ளதெல்லாம் செயலாளருடைய வேலை. அஜித்குமார் பக்கத்துப் பள்ளங்கி ஊர்க்காரன். வீட்டில் பூண்டு போடுகிறார்கள். குனிந்தால் இடுப்பு வலிக்கிறது என்று இவன் மட்டும் டிரைவராகிவிட்டான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மீசையை மூன்று பேருக்குக் காணும் அளவுக்கு வளர்த்திருக்கிறான்.

அவன் ஹிந்தி கற்ற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரோனா வருஷத்தில் மலைக்கு ஈ, காக்கைகூட வரவில்லை. வண்டிகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தன. மற்றவர்கள் கூலிக்குக் கேரட் பிடுங்கப் போனோம். அஜித்குமார் தார்ப்பாய்க்குள் புகுந்து, டிரைவர் சீட்டைப் பின்னால் சாய்த்து, போனில் துப்பாக்கிச் சண்டை விளையாட ஆரம்பித்தான். முன்பின் தெரியாத நாலு பேரை விளையாட்டுக் கம்பெனிக்காரனே ஒரு கூட்டாகச் சேர்த்துவிடுவானாம். ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். இவன் போய் விழுந்தது வடக்கத்திக்காரர்கள் கூட்டில்.

ஒரு பாஷையை எல்லோரும் வணக்கத்தில் தொடங்குவார்கள். இவன் ‘பீச்சே, பீச்சே’ என்பதில் தொடங்கினான். பின்னால் எதிரி வருகிறான் என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்வதற்குள் நாலைந்து தடவை செத்தான். அப்புறம் நில், ஓடு, குனி, குண்டு கொடு, என்னைத் தூக்கி விடு. ஆறு மாதத்தில் காது பிடித்துக்கொண்டது. ஒரு வருஷத்தில் வாயும் ஓட ஆரம்பித்தது. இதை நான் மறுக்கவில்லை. தேவைப்படுகிறவன் எந்தப் பாஷையையும் எங்கிருந்தும் படிக்கலாம். ஆனால் படிப்பது வேறு, ஒட்டிக்கொள்வது வேறு. அஜித்குமாருக்கு ஹிந்தி சளி பிடிப்பது மாதிரி பிடித்திருந்தது. யாரிடமிருந்து ஒட்டியது என்று அவனும் யோசிக்கவில்லை.

ஒட்டியது ஒரே ஆளிடமிருந்துதான். கூட்டின் தலைவனுக்குத் தண்டர் என்று பெயர். இவன் வாயில் அது தண்டர்ஜி. மூன்று வருஷமாகச் சாயங்காலம் ஆனால் தண்டர்ஜி காதுக்குள் உத்தரவு போடுவார், இவன் ஸ்டியரிங்குக்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டு “ஹான் ஜி, ஹான் ஜி” என்பான். பெற்ற அப்பனுக்கு இப்படி ஒரு ‘சரிங்க’ சொல்லியிருந்தால் பூண்டுக் காடாவது அவன் பேருக்கு வந்திருக்கும்.

மலை திறந்து வடக்கத்தி டூரிஸ்டுகள் மறுபடி வர ஆரம்பித்ததும் இவன் கொடி பறக்க ஆரம்பித்தது. வெள்ளி அருவியில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து, “உத்ரோ, உத்ரோ! லூட் கரோ!” என்று கத்துவான். இறங்கு, இறங்கு, கிடைத்ததை அள்ளு என்று அர்த்தமாம். விளையாட்டில் ஒரு வீட்டுக்குள் குதிக்கும்போது சொல்வது. புதுக் கல்யாண ஜோடி ஒன்று அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு, எதை அள்ளுவது என்று தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் “எதிரி, எதிரி, குனிங்க” என்று ஹிந்தியில் எச்சரிப்பான். அதற்கும் சிரித்தார்கள். இறங்கும்போது அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

“பாத்தீங்களாண்ணே, நம்மள எம்புட்டுப் பிடிச்சுப்போச்சுன்னு?” என்பான் என்னிடம்.

ஸ்டாண்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் தமயந்தி அக்கா கேட்டது: “சிரிக்கிறவங்கல்லாம் பிடிச்சுத்தேன் சிரிக்கிறாங்களாக்கும்? எங்க வீட்டு ஆட்டுக்குட்டியப் பாத்தும்தேன் சிரிக்கிறாங்க. அதுவும் போட்டோ எடுத்துக்குது.”

“உங்களுக்குப் பொறாமைக்கா. பாஷை தெரியாதவங்களுக்கு வர்ற பொறாமை.”

“ஆமாலே. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல.”

இது இவ்வளவோடு போயிருந்தால் நான் தலையிட்டிருக்க மாட்டேன். எங்கள் ஸ்டாண்டுக்கு இருக்கும் ஒரே நல்ல பழக்கம் வரிசை. வந்த வண்டி பின்னால் நிற்கும், முன்னால் நிற்கிற வண்டி டிரிப்புக்குப் போகும். கட்சி, சாதி, மாமன் மச்சான் எதுவும் அதில் செல்லாது. அஜித்குமார் ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து, ஹிந்தி பேசுகிறவர்கள் வந்தால் வரிசை பார்க்காமல் தனக்கே அனுப்ப வேண்டும் என்றான்.

“ஏன்?” என்றேன்.

“அவங்க பேசுறது உங்களுக்குப் புரியுமாண்ணே?”

“இத்தன வருசமா நாங்க அவங்கள மலையில விட்டுட்டா வந்தோம்? ஏரின்னா ஏரி, லாட்ஜுன்னா லாட்ஜு. இதுக்கு என்னத்துக்குலே பாஷை?”

“சர்வீஸுண்ணே, சர்வீஸு. நம்ம தண்டர்ஜி என்ன சொல்லுவாருன்னா...”

“அந்தாளு யாருலே நம்ம ஸ்டாண்டுல?”

அப்போதுதான் அவன் அந்தச் சேதியை எடுத்து விட்டான். தண்டர்ஜி வருகிறார். ஜபல்பூரிலிருந்து. தசரா லீவுக்கு. அவர் மட்டுமில்லை, நாலு நாலு பேராக அவரிடம் சேர்ந்த கூட்டம் முழுவதும், நாற்பது பேர். மூன்று நாள் கொடைக்கானலில் தங்குகிறார்கள். ரூம் அவர்கள் போட்டுக்கொள்வார்கள். வண்டி மட்டும் நம்முடையது, எட்டும்.

வேலப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பூஜை லீவு முடிந்தால் ஐப்பசி மழை. ரோட்டில் மண் சரியும், ஆள் வராது. அந்த லீவில் ஓடுகிற ஓட்டம்தான் எட்டு வீட்டுக்கும் மழைக்காலச் சாப்பாடு. எட்டு வண்டிக்கும் ஒரே பார்ட்டி, மூன்று நாள் நிற்காத ஓட்டம் என்றால் எந்தத் தலைவருக்கும் நாக்கு ஊறும்.

நான் முறையாகக் கேட்டேன். “ஆளு பேரு என்ன?”

“தண்டர்ஜி.”

“அது பேரா, பல்பு கம்பெனியாலே? அப்பா அம்மா வச்ச பேரு?”

“கேம்ல யாரும் சொந்தப் பேரு சொல்ல மாட்டாங்கண்ணே.”

“என்ன தொழிலு?”

“கேட்டதில்ல.”

“வயசு?”

“பெரியவங்ககிட்டப் போயி வயசக் கேப்பாங்களா?”

“முன்பணம்?”

“அண்ணே, நாப்பது பேர வச்சு ஆளுறவருகிட்டப் போயி முன்பணம் கேட்டா என்னயப் பத்தி என்ன நெனைப்பாரு?”

அன்று சாயங்காலமே தமயந்தி அக்கா கடை பெஞ்சில் போனை வைத்து, தண்டர்ஜியை எல்லோருக்கும் கேட்க வைத்தான். உண்மையாகவே கனத்த குரல். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி இருந்தது. அவர் ஒன்று சொன்னதும் பத்துப் பன்னிரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் ஆமாம் போட்டன. நடுவில் ஒருவன் எதிர்த்துப் பேசியிருப்பான் போலிருக்கிறது, தண்டர்ஜி போட்ட சத்தத்தில் பெஞ்சு அதிர்ந்தது. அப்புறம் அந்தக் குரல் கேட்கவே இல்லை.

“அவனத் தூக்கிட்டாரு” என்றான் அஜித்குமார் பெருமையாக. “கூட்டத்த விட்டே வெளிய போட்டாச்சு. என்னயவும் ஒருக்க ஒரு வாரம் சேத்துக்கல. அம்புட்டுக் கண்டிப்பு.”

“இப்படிக் கண்டிப்பா ஒரு மனுசன் இருந்தாத்தேன் ஒரு ஸ்தாபனம் உருப்படும்” என்று வேலப்பன் என்னைப் பார்த்துச் சொன்னார். “ஆளு மில்லு முதலாளியா இருப்பாரு.”

தமயந்தி அக்கா மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். “முதலாளிக்குப் பின்னாடி ஒரு பொம்பளச் சத்தம் கேக்குதே. ஏசி வஞ்சுக்கிட்டுல இருக்கா.”

“வீட்டு வேலைக்கு ஆளு வச்சிருப்பாருக்கா” என்றான் அஜித்குமார்.

“வேலைக்காரி முதலாளிய வைவாளாலே?”

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. தண்டர்ஜி வருவதாகச் சொன்னாரா என்று கேட்கச் சொன்னேன். அஜித்குமார் கேட்டான். குடத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. அதற்குப் பின்னால் நானும் வருகிறேன், நானும் வருகிறேன் என்று பெரிய கூச்சல். “மொத்தக் கூட்டமும் வருதாம் தலைவரே. சத்தியம் பண்றாங்க” என்றான்.

வேலப்பன் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். “ஏலே, குரூப்பக் கொண்டாந்து எறக்கு. ஹிந்திக்காரங்க எல்லாரும் உனக்கு, வரிசை கெடையாது. வரலைன்னு வையி, மார்கழி முடிய நீதேன் கடைசி வண்டி. எத்தன டிரிப்பு வந்தாலும் எல்லாரும் போன பெறகுதேன் உனக்கு.”

“சரிங்க தலைவரே” என்றான். தண்டர்ஜிக்குச் சொல்கிற அதே ‘சரிங்க’.

எங்கள் ஸ்டாண்டில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லா வண்டிச் சாவியையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து முருகன் படத்துக்கு முன்னால் வைப்போம். பூஜை முடிந்ததும், அடுத்து ஓடப்போகிற முதல் டிரிப் எது என்று தலைவர் சாமிக்குச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுப்பார். சொன்ன டிரிப்பை முடிக்காமல், டிரிப்புக் கேட்டவர் வாயால் ‘போதும்’ என்று வாங்காமல், வேறு ஆளை ஏற்றக் கூடாது. வழக்கமாக ஒரு வண்டியைச் சொல்வோம். கொடைக்கானலுக்கு ஒரு வாத்தியாரை இறக்கிவிட்டு வருவோம், அரை மணி நேரத்தில் சாமி கடன் தீர்ந்துவிடும். இந்த வருஷம் வேலப்பன் சூடத்தைக் காட்டி, “எட்டு வண்டிக்கும் தண்டர்ஜி டிரிப்பு, மூணு நாளு” என்று முருகனுக்கு அறிவித்தார். முருகன் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். “ஒரு வண்டியச் சொல்லுங்க தலைவரே, மத்தது சும்மா போகட்டும்” என்றேன்.

“சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணாத ஜெயமுருகா” என்றார்.

மறுநாள் விஜயதசமி. அன்று ஊர் முழுக்கக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். நாங்கள் எட்டு வண்டியில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு, சந்தனம் குங்குமத்தோடு, கொடைரோடு ஸ்டேஷனில் போய் வரிசையாக நின்றோம். வத்தலக்குண்டைத் தாண்டும்போதே பஸ் ஸ்டாண்டு வாசலில் கூட்டம் மலையேற வண்டி கிடைக்காமல் கையைக் காட்டிக்கொண்டிருந்தது. எட்டு வண்டியும் வெறுமனே அவர்களைத் தாண்டிப் போயின. ஒரு கிழவர் எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

வேலப்பன் கையில் நூல் மாலை, தோளில் மடித்த பொன்னாடை. அஜித்குமார் புதுச் சட்டை போட்டு மீசைக்கு எண்ணெய் தடவியிருந்தான். சென்னை ரயில் வந்து நின்றது. பழனிக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். வியாபாரிகள் இறங்கினார்கள். நாற்பது பேர் இறங்கவில்லை. ரயில் கிளம்பிப் போனது.

பிளாட்பாரத்தில் கடைசியாக மிஞ்சியது ஒரு குடும்பம். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், வெயிலிலும் சால்வை போர்த்திய அவர் மனைவி, தொளதொளவென்ற சட்டையில் ஒரு பையன். பையனுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். மீசை வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தார்கள். அவன் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

“அஜித்!”

குடத்துக்குள்ளிருந்து வந்த அதே குரல்.

அஜித்குமாரின் உடம்பு அந்தக் குரலுக்குப் பழகிப்போயிருந்தது. புத்திக்கு எட்டுவதற்கு முன்னால் அது விறைத்து நின்றுவிட்டது. “ஹான் ஜி, தண்டர்ஜி” என்றான். வேலப்பன் மாலையைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனார். அவர் பயந்து ஒரு அடி பின்னால் வைத்தார்.

ஒல்லி மனிதர் ஏதோ பாங்கில் வேலை பார்க்கிறவர். நிதானமான இங்கிலீஷ் பேசினார். எனக்குப் பழனியில் பத்தாவது வரை சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் இருந்தது. அது போதுமாக இருந்தது. வாழைக்கன்று கட்டிய வண்டி வரிசையைப் பார்த்து, இன்றைக்கு இங்கே கல்யாணமா என்று கேட்டார். இல்லை சார், இத்தனையும் உங்களுக்காக வந்தது என்றேன். வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மகனுக்கு இங்கே தெரிந்த டாக்ஸிக்காரர் ஒருவர் இருக்கிறார், ஸ்டேஷனுக்கு வருவார் என்றுதான் அவருக்குத் தெரியுமாம்.

“மத்த ஆளுக எங்கன்னு கேளுலே” என்றார் வேலப்பன்.

அஜித்குமார் கேட்டான். பையன் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல, இவன் கர்மசிரத்தையாகத் தமிழில் சொன்னான். “ஒருத்தனுக்கு டியூசனாம். ஒருத்தனுக்கு அவங்கம்மா விட மாட்டேனுட்டாங்களாம். ரெண்டு பேருக்குப் பரீச்சையாம். ஒருத்தன் கணக்குல பெயிலானதால போனப் பிடுங்கி வச்சுட்டாங்களாம். இன்னொருத்தனுக்கு அம்மை போட்டு...”

“போதும்லே” என்றார் வேலப்பன். “நாப்பதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா?”

“எல்லாம் இல்லைங்க தலைவரே. ஒருத்தரு காலேஜு.”

ஏழு டிரைவர்களும் அஜித்குமாரைப் பார்த்தார்கள். இருபத்தொன்பது வயதில், மனைவியும் மகளும் இருக்கிற ஒரு ஆண்பிள்ளை, மூன்று வருஷமாக ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஜி போட்டு, அவன் திட்டினால் தலை குனிந்து, அவன் ஒதுக்கி வைத்தால் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறான். கோபப்படக்கூட எங்களுக்குத் தெம்பு வரவில்லை.

இப்போது காரியத்தைப் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்ற கூட்டத்தில் பாதியாவது இன்னும் அங்கே நிற்கும். வண்டிகளை விட்டுவிடலாம் என்றேன். வேலப்பன் தலையை ஆட்டினார்.

“சூடத்து முன்னாடி சொன்னது. டிரிப்புக் கேட்டவரு வாயால போதும்னு வரணும். இல்லைனா வளைவுல ஏதாச்சும் ஒண்ணு ஆகிப்போகும்.”

“இவங்கப்பாவ சொல்லச் சொல்றேன் தலைவரே.”

“சாமிகிட்ட நாம சொன்ன பேரு தண்டர்ஜி.”

“தண்டர்ஜி அந்தா பிஸ்கட்டு தின்னுக்கிட்டு நிக்கிறாரு.”

“அப்ப அவரே சொல்லட்டும். ஏலே அஜித்து, கேளு. வெரசாக் கேளு. நீதேன பெரிய ஹிந்திப் பண்டிதன்!”

அஜித்குமார் பையனுக்கு முன்னால் போய் நின்றான். அவனுக்கும் வயிறு எரிந்துதான் இருக்கும். வரிசை பார்க்காமல் டிரிப் போகும் சலுகை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மீசையை முறுக்கினான். ஒரு பெரிய மனிதனாக நாலு வார்த்தை கேட்டுவிடப் போகிறான் என்றுதான் நான்கூட எதிர்பார்த்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் பையன் பிஸ்கட்டை மென்றுகொண்டே ஒரு சொல் சொன்னான். என்னவென்று கேட்கிற சொல்லாக இருக்க வேண்டும். அந்தக் குரல் கேட்டதுதான் தாமதம், அஜித்குமாரின் தோள் இறங்கியது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, குரலை இழுத்து இழுத்து, மூக்கால் ஏதோ சொன்னான்.

அம்மா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளி அருவியில் புதுக் கல்யாண ஜோடி சிரித்த அதே சிரிப்பு.

பையன் மட்டும் சிரிக்கவில்லை. கையை வீசி ஒரே வெட்டாகப் பதில் சொன்னான்.

“என்னவாம்?” என்றார் வேலப்பன்.

“முடியாதாம்.” அஜித்குமார் தரையைப் பார்த்தான். “பாதி மேட்ச்சுல யாரும் வெளிய போகக் கூடாதாம். எட்டு வண்டியும் பின்னாடியே வரணுமாம். மத்தவங்களுக்கு வீடியோல காட்டணுமாம்.”

நான் அப்பாவிடம் திரும்பி, ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். மன்னிக்க வேண்டும், உங்கள் டிரைவர் ஹிந்தி நன்றாகவே பேசுகிறார், உச்சரிப்பில்கூடக் குறை இல்லை, ஆனால் எங்கள் மகன் பேசுவது மாதிரியே பேசுகிறார் என்றார். எங்கள் தெருவில், எங்கள் வீட்டில், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு இவன் எப்படிச் சிணுங்குவானோ அதே சிணுங்கல். ‘இன்னும் அஞ்சே நிமிஷம், ப்ளீஸ்’ என்று அம்மாவிடம் கெஞ்சுகிற அதே இழுப்பு. இவ்வளவு பெரிய மீசைக்குள்ளிருந்து அது வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார்.

அதைத் தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு செயலாளருக்கு. சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அஜித்குமார் நிமிரவில்லை. இத்தனை நாள் எத்தனை டூரிஸ்டுகள் சிரித்தார்கள், யார் யாரோடு நின்று படம் எடுத்துக்கொண்டான் என்று அவன் மனசில் ஒவ்வொன்றாக வந்து போயிருக்கும். அவனிடம் பாஷை இருந்தது. அதில் ஒரு முதலாளியைக் கேள்வி கேட்க வார்த்தை இல்லை, ஒரு தகப்பனிடம் நியாயம் பேச வார்த்தை இல்லை, சின்னப் பயலை அதட்டக்கூட இல்லை. எதிரியைத் திட்டுவதற்கு ஏராளமாக வைத்திருந்தான். அதைப் பையனின் அம்மா முன்னால் சொல்ல முடியாது. மிச்சம் இருந்ததெல்லாம் அந்தப் பையன் போட்ட பிச்சை. போட்டவனிடமே அதை நீட்டினால் எப்படிச் செல்லும்?

அப்பாவே பஞ்சாயத்தை முடித்து வைத்தார். மகனிடம் தணிந்த குரலில் இரண்டே வார்த்தை சொன்னார். பையன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, உதட்டைச் சுழித்து, இங்கிலீஷில், “ஓகே, எல்லாரும் போகலாம்” என்றான். வேலப்பனுக்கு அதுவே முருகன் உத்தரவு. கும்பிட்டார். மாலை கையில் கனத்திருக்க வேண்டும். அதைப் பையன் கழுத்தில் போட்டுவிட்டார். பொன்னாடையை மட்டும் திரும்பக் கொண்டுபோனார்.

நாங்கள் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்து போனபோது மற்ற ஸ்டாண்டுக்காரர்கள் கூட்டத்தைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு சமையல்காரரின் பாத்திரங்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார இடமில்லாமல் சமையல்காரர் பஸ்ஸில் போய்விட்டார்.

தண்டர்ஜி குடும்பத்தை அஜித்குமாரே ஏற்றிக்கொண்டான். கெட்டியாகப் பிடித்துக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். பையன் முன் சீட்டில் ஏறினான். ஊத்து வளைவில் என்னைத் தாண்டிப் போனார்கள். பையன் கையை நீட்டி ஹாரன் அடி என்றான். அஜித்குமார் அடித்தான். முன்னால் வண்டி ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் தமயந்தி அக்கா கடையில் கேட்டாள்: “என்ன ஜெயமுருகா, மில்லு முதலாளி சௌக்கியமா எறங்கிட்டாரா?”

“பல்லுக்குக் கம்பி கட்டிக்கிட்டு எறங்கினாருக்கா.”

“நாந்தேன் அன்னைக்கே சொன்னேனே, வேலைக்காரி வைய மாட்டாள்னு. பெத்தவதேன் அப்படி வைவா.” வேலப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மாலை அப்பாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ஸ்டேஷனில் என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன். நாளைக்கு வேறு டிரைவரை அனுப்ப முடியுமா என்று கேட்டார். வண்டி ஓட்டுவதில் குறை ஏதும் உண்டா என்றேன். இல்லை, நன்றாக ஓட்டுகிறார் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். தூண் பாறையை மூடிய மஞ்சு விலகுவதற்காக எல்லோரும் காத்திருக்க, மகனும் டிரைவரும் வண்டிக்குள் உட்கார்ந்து விளையாடினார்கள். மஞ்சு விலகியது, பாறை தெரிந்தது, மறுபடி மூடியது, இருவரும் இறங்கவில்லை. மகனைப் போனை உள்ளே வை என்றால் டிரைவரும் உள்ளே வைக்கிறார். மகன் முகத்தைத் தூக்கினால் டிரைவரும் தூக்குகிறார். மத்தியானம் மகன் சாப்பிட மறுத்தான், டிரைவரும் வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் அவர் மனைவி இருவருக்கும் ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தாள்.

“எங்களுக்கு வீட்டில் ஒன்று போதும்” என்றார்.

சரி சார் என்றேன். காலையில் முதல் வண்டி வரும் என்றேன்.

இருட்டுவதற்கு முன் அஜித்குமார் ஸ்டாண்டுக்கு வந்தான். வரிசை பார்க்காமல் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தான். கையைக் காட்டிப் பின்னால் போகச் சொன்னேன். ஏழு வண்டிக்கும் பின்னால், குப்பைத் தொட்டியை ஒட்டி நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

“அண்ணே, மார்கழி முடியவா?”

“தலைவரு சொன்னது அதுதேன்.”

“சரி. ஆனா நாளைக்கு நான் வெள்ளனே போகணும்ணே. அவங்கள ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.”

“நீ போகல. அவங்கப்பா வேற வண்டி கேட்டுட்டாரு.”

மீசையைத் தடவ எடுத்த கை பாதியில் நின்றது. ஏன் என்று கேட்பான் என்று நினைத்தேன். சொல்லத் தயாராகவும் இருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

“தண்டர்ஜி என்னண்ணே சொன்னாரு?”

“அடுத்து வர்ற வண்டியில சார்ஜர் இருக்குமான்னு கேட்டாராம்லே” என்றேன். “இருக்குன்னு சொல்லிட்டேன்.”